வெட்டிச் சாப்பிடும் சோப்பா

பழி வாங்குவது பாவம் என்று எங்கள் ஊர்ப் பாதிரியார் மாதத்தில் ஒரு ஞாயிறாவது சொல்லிவிடுவார். நிமியா ஓவெலார் பழி வாங்கிய அன்று அவரும் மண்டபத்தில்தான் இருந்தார். பிரசங்கம் ஒன்றும் செய்யவில்லை. இரண்டாவது துண்டுக்குக் கை நீட்டினார்.

எங்கள் பராகுவே நாட்டு ஓவியேடோவில் பஸ் ஏறி இறங்கிய எவருக்கும் நிமியாவைத் தெரியும். முகம் தெரியாதவர்களுக்குக் குரல் தெரியும். பஸ் நிலையத்து ஒலிபெருக்கியில் வில்யரிக்கா வண்டி, காகுவாசு வண்டி, அசுன்சியோன் நேர்வண்டி என்று காலையிலிருந்து கூப்பிடுகிறவள் அவள்தான். மூத்த பெண்களை நாங்கள் ‘ஞா’ போட்டுக் கூப்பிடுவது வழக்கம். அவளுக்கு நாற்பதுகூட ஆகவில்லை, ஆனாலும் ஊருக்கே அவள் ஞா நிமியா. கணவன் கட்டட வேலைக்கென்று போனஸ் அயர்ஸ் போனவன். போன இடத்திலேயே காய்ந்த சுண்ணாம்பு மாதிரி ஒட்டிக்கொண்டான். மிஞ்சியது மகன் தெர்லிஸ், எட்டு வயது.

தெர்லிஸுக்கு ஆட்டிசம். பள்ளி விட்டதும் அம்மாவின் கவுண்டருக்கு அடியில் ஓர் அட்டைப்பெட்டியின் மேல் உட்கார்ந்திருப்பான். அம்மா ஒலிபெருக்கியில் சொல்வதை அவன் கீழே இருந்து திருப்பிச் சொல்வான். “வில்யரிக்கா, நாலாம் மேடை.” நாலு வயதிலிருந்து அவன் பேசும் பேச்சு பெரும்பாலும் அதுதான். தண்ணீர் வேண்டுமென்றாலும் வில்யரிக்கா, தூக்கம் வந்தாலும் வில்யரிக்கா. எந்த வில்யரிக்காவுக்கு என்ன பொருள் என்று தாய்க்குத் தெரியும்.

அவன் வாயில் வைப்பது நாலே நாலு: சோப்பா, சீப்பா என்கிற சீஸ் ரொட்டி, வெள்ளைச் சீஸ், வேகவைத்த மரவள்ளி. ஐந்தாவதாக எதை நீட்டினாலும் முகத்தைத் திருப்பிக்கொள்வான், வற்புறுத்தினால் வாந்தி எடுப்பான். டாக்டர்களிடம் போனால், இவன் இப்படித்தான், பழகிக்கொள்ளுங்கள் என்று கைகழுவினார்கள். பழகிக்கொள் என்று சொல்கிறவர்கள் யாரும் அவனோடு ஒரு வேளை உட்கார்ந்து சாப்பிட்டதில்லை.

அப்படிப்பட்ட நேரத்தில் ஒரு குரல் போன் வழியாக வந்து, செய்ய முடியும், நான் இருக்கிறேன், நீ தனியாள் இல்லை என்று சொன்னால் எந்தத் தாய்தான் விடுவாள்? அந்தக் குரலுக்குச் சொந்தக்காரி போனஸ் அயர்ஸ்காரி, மிர்த்தா சலபெரி. ‘தூய தட்டு’ என்று ஒரு திட்டம் வைத்திருந்தாள். ஆட்டிசக் குழந்தைகளின் பெற்றோரை வாட்ஸப் குழுவில் சேர்த்துக்கொண்டு, என்ன கொடுக்கலாம், எதை நிறுத்த வேண்டும் என்று குரல் பதிவாக அனுப்புவாள். எல்லோரும் அவளை லிசென்சியாதா என்றார்கள். பட்டம் பெற்ற பெண் என்று பொருள். எதில் பட்டம், எங்கே பெற்றது என்று யாரும் கேட்கவில்லை. அந்த வார்த்தையைப் பெயருக்கு முன்னால் போட்டுக்கொள்ள நான் கரும்புத் தோட்டத்திலிருந்து கிளம்பி ஐந்து வருடம் அசுன்சியோனில் ஊட்டச்சத்துப் படித்தேன். எங்கள் குடும்பத்தில் கையெழுத்தைத் தாண்டி எழுதிய முதல் ஆள் நான். ஆகவே அந்த விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் வயிற்றெரிச்சல் உண்டு. மறைக்கப் போவதில்லை.

லிசென்சியாதா சொன்னது இதுதான்: கோதுமையும் பாலும் குழந்தையின் மூளையில் மூட்டம் போடுகின்றன, அவற்றை அடியோடு நிறுத்தினால் மூட்டம் விலகும், குழந்தை வெளியே வரும். பாலே சேராத பிள்ளைகள் இருக்கிறார்கள், கோதுமை ஆகாதவர்களும் இருக்கிறார்கள். அது பரிசோதித்துப் பார்க்க வேண்டிய காரியம். பிள்ளையை எடை போட வேண்டும், ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் நிறுத்திப் பார்க்க வேண்டும், நிறுத்தியதற்கு ஈடாக வேறொன்றை அவன் தின்கிறானா என்று பார்க்க வேண்டும். எடை போடு என்று அந்தப் பெண் ஒரு பதிவிலும் சொல்லவில்லை. நாலு சாமான் தின்கிற பிள்ளையிடமிருந்து மூன்றைப் பிடுங்கினால் மிஞ்சுவதற்குப் பெயர் பட்டினி.

பள்ளி திறந்த மாதத்தில் நிமியா தொடங்கினாள். சோப்பா போயிற்று, சீப்பா போயிற்று, சீஸ் போயிற்று; மூன்றிலும் பால். மரவள்ளி மட்டும் தட்டில் இருந்தது. பக்கத்தில் சீஸ் இல்லாத மரவள்ளியை தெர்லிஸ் மரவள்ளியாகவே மதிக்கவில்லை. அதையும் விட்டுவிட்டான். லிசென்சியாதா சொன்ன காய்கறிகளையும் அரிசி அப்பத்தையும் கையால் ஓரமாகத் தள்ளினான். பயந்துபோய் நிமியா கேட்டதற்கு வந்த பதிவை அவள் எனக்குப் போட்டுக் காட்டியிருக்கிறாள். இனிமையான குரல். பின்னணியில் ஏதோ பறவை கத்துகிறது.

“சாப்பாட்டுக்கு முன்னால உக்காந்துக்கிட்டு எந்தக் குழந்தையும் பசியால செத்ததில்லம்மா. நீ கலங்கினா அவன் ஜெயிச்சிடுவான். பசிதான் அவனுக்கு வாத்தியார்.”

புனித வாரம் வந்தது. அந்த வாரத்துப் புதன்கிழமை எங்கள் தெருக்களில் மண் அடுப்பு எரியாத வீடு இருக்காது. எல்லா வீட்டிலும் சீப்பா சுடுவார்கள், சோம்பும் சீஸும் மரவள்ளி மாவும் வேகும் வாசனை வேலியெல்லாம் ஏறும். தெர்லிஸ் வேலியோரம் போய் மூக்கை நீட்டிக்கொண்டு நின்றான். நிமியா அவனை உள்ளே இழுத்துவந்து, ஜன்னலைச் சாத்தி, இடுக்கில் துணியைச் செருகினாள். அவன் அழவில்லை. சுவரோரம் படுத்துக்கொண்டான். பஸ் பெயர் சொல்வதை அவன் நிறுத்திச் சில நாளாகியிருந்தது.

பெரிய வெள்ளியன்று மயங்கி விழுந்தான். ஆஸ்பத்திரியில் ஊசி ஏற்ற நரம்பு கிடைக்கவில்லை. வார்டு டாக்டர் விலா எலும்பைத் தொட்டுப் பார்த்துவிட்டு, வீட்டில் சாப்பாடு இல்லையா என்று கேட்டாராம். பஸ் நிலையத்தில் வேலை பார்க்கிற பெண், சொந்த வீட்டுக்காரி. அவளைப் பார்த்து அந்தக் கேள்வி.

ஆஸ்பத்திரி நடைவழியிலிருந்து லிசென்சியாதாவுக்குச் செய்தி அனுப்பினாள். பதில் தனியாக வரவில்லை. குழுவில் வந்தது, எல்லாத் தாய்மார்களும் கேட்கும்படி. ஓவியேடோ அம்மா புதன்கிழமை பையனுக்குத் திருட்டுத்தனமாக ஏதோ கொடுத்திருக்கிறாள், விஷம் வெளியேறும் நேரத்தில் மறுபடி விஷம் போனால் உடம்பு இப்படித்தான் செய்யும், மனவுறுதி இல்லாத தாய்தான் குழந்தைக்கு முதல் எதிரி. யாரோ ஒருத்தி கீழே அழுகிற முகம் போட்டிருந்தாள். இன்னொருத்தி கைகூப்பும் படம்.

நிமியா அன்றும் அந்தப் பெண்ணை விட்டு விலகவில்லை. மறுநாள், மானத்தை விட்டு, ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

“லிசென்சியாதா, சோப்பா மட்டுமாவது குடுக்கலாமா? இப்ப அவன் அத மட்டுந்தான் தொடுவான்னு தோணுது.”

“சோப்பாவா? தாராளமா. வீட்ல செஞ்சது, சூடா, காலைலயும் ராத்திரியும், அவன் கேக்குற அளவுக்கு. அதவிட நல்லது வேற எது?”

இங்கேதான் எங்கள் நாட்டுக்கே உரிய கோளாறு. உலகத்தில் ஸ்பானிய மொழி பேசுகிற எவருக்கும் சோப்பா என்றால் சூப். கிண்ணத்தில் ஊற்றிக் கரண்டியால் குடிப்பது. எங்களுக்குச் சோப்பா என்றால் கத்தியால் வெட்டுவது. மக்காச்சோள மாவு, பால், வெங்காயம், முட்டை, பன்றிக்கொழுப்பு, கைநிறையக் கைநிறையச் சீஸ், எல்லாம் சேர்த்துத் தட்டில் ஊற்றிச் சுட்டு, சதுரமாக வெட்டித் தின்பது. குடிப்பதை நாங்கள் கால்தோ என்போம். வெளியூர்க்காரர்களுக்கு எங்கள் பலகாரம் ‘பராகுவே சோப்பா’ என்ற முழுப்பெயரில்தான் தெரியும். வீட்டில் யாரும் அப்படிச் சொல்வதில்லை. உன் பெண்டாட்டியை நீ ஊர்ப்பெயர் சேர்த்தா கூப்பிடுவாய்? போனஸ் அயர்ஸில் உட்கார்ந்து எங்கள் பிள்ளைகளின் வாயைக் கட்ட வந்தவள், அந்த வாய் எதற்கு எந்தப் பெயர் சொல்கிறது என்று கேட்டுக்கொள்ளவில்லை.

பாலும் சீஸும் இருக்கிறதே என்று நிமியாவுக்கு ஒரு நொடி உறுத்தியதாம். நெருப்பில் சுட்டால் கெட்டது செத்துவிடும்போல, படித்தவள் தெரியாமலா சொல்வாள் என்று நினைத்துக்கொண்டாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்றே அடுப்பு மூட்டினாள். தெர்லிஸ் தட்டு ஆறும் வரைகூடப் பொறுக்கவில்லை.

பிறகு சோப்பாவாகவே தின்றான். கன்னம் உருண்டது, தூக்கம் வந்தது. ஒருநாள் கவுண்டருக்கு அடியிலிருந்து “வில்யரிக்கா, நாலாம் மேடை” என்று குரல் வந்தபோது நிமியா ஒலிபெருக்கியை அணைக்க மறந்து அழுதுவிட்டாள். பஸ் நிலையம் முழுக்கக் கேட்டது. அந்த மகிழ்ச்சியில் அவனை வீடியோ எடுத்து லிசென்சியாதாவுக்கு அனுப்பினாள். நன்றியோடுதான் அனுப்பினாள்.

அந்த வீடியோ ‘தூய தட்டு’ பக்கத்தில் ஏறியது. பாலும் கோதுமையும் இல்லாமல் ஒரு குளிர்காலம், பேச்சே இல்லாத குழந்தை பேசத் தொடங்கிவிட்டான், பராகுவேயின் தெர்லிஸ். ஒருநாள் நேரலையில் லிசென்சியாதா ஒரு கிண்ணத்தைத் தூக்கிக் காட்டினாள். உள்ளே தண்ணீர், மேலே இரண்டு கேரட், ஒரு கீரை. இந்தக் குழந்தை தினமும் குடித்தது இந்தச் சோப்பாவைத்தான் என்றாள்.

நிமியா முதலில் சிரித்தாளாம். அது கால்தோ இல்லையா என்று போனைப் பார்த்துச் சொன்னாளாம். அதற்குப் பிறகு சிரிப்பு நின்றது. அந்த ஜன்னலும், அதில் தான் செருகிய துணியும் ஞாபகத்துக்கு வந்தன. அவனைக் கெடுப்பதாகச் சொன்ன சீஸ்தான் அவனை எழுப்பியது. பேச்சே இல்லாதவன் என்று ஊருக்குச் சொல்கிறாளே, அவன் நாலு வயதிலிருந்து பேசிய பேச்சைப் பறித்ததே அவள்தானே.

மரியாதையாகத்தான் தொடங்கினாள். மகன் முகத்தை எடுத்துவிடுங்கள் என்று கேட்டாள். வீடியோவை நீயேதான் அனுப்பினாய், அந்த முகம் எத்தனையோ தாய்களுக்கு நம்பிக்கை கொடுக்கிறது, சுயநலமாக இருக்காதே என்று பதில் வந்தது. அடுத்த மாதம் ஓவியேடோவுக்கே நேரில் வருகிறேன், மேடையில் நீதான் பேச வேண்டும் என்ற செய்தியும் கூடவே.

ஆறின கஞ்சி பழங்கஞ்சி என்பார்கள். நிமியாவின் கோபம் அந்த வகையில்லை. மண் அடுப்பில் தணலை மூடிவைப்பதுபோல மூடிவைத்தாள். குழுவில் ஒரு வார்த்தை எழுதவில்லை. எழுதினால் லிசென்சியாதா அவளை நீக்கிவிட்டு வீடியோவை வைத்துக்கொள்வாள். மேடையும் ஒலிபெருக்கியும் தானாக வருகிறபோது அவசரம் எதற்கு என்று இருந்துவிட்டாள்.

இடையில் ஒன்று நடந்தது. கார்ரேத்தா கிராமத்துப் பக்கமிருந்து சுனில்தா என்ற ஒரு பெண் தோளில் மகளைப் போட்டுக்கொண்டு பஸ் நிலையத்துக்கு வந்தாள். டிக்கெட்டுக்கு வரவில்லை. தெர்லிஸின் அம்மா எங்கே என்று விசாரித்துக்கொண்டு வந்தாள். மகள் அராசெலிக்கு ஐந்து வயது, அவளுக்கும் ஆட்டிசம். அந்த வீடியோவைப் பார்த்துவிட்டுத் ‘தூய தட்டு’ தொடங்கியிருந்தார்கள், பிள்ளை சாப்பிடுவதை நிறுத்திவிட்டது.

“உண்மையச் சொல்லுங்க ஞா நிமியா. உங்க பையன் தேறினது நெசந்தானா?”

“தேறிட்டான். கண்ணால பாக்குறியே.”

“லிசென்சியாதா சொன்னதத்தான் குடுத்தீங்களா?”

“அவங்க குடுன்னு சொன்னதத்தான் குடுத்தேன்.”

ஒரு சொல்கூடப் பொய்யில்லை. சுனில்தா கும்பிடாத குறையாக நன்றி சொல்லிவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பினாள். நிமியா அந்த வண்டியை ஒலிபெருக்கியில் கூப்பிட்டு அனுப்பினாள்.

லிசென்சியாதா செப்டம்பரில், லபாச்சோ மரங்கள் பூத்துக்கொண்டிருந்தபோது வந்தாள். பங்குக்கோயில் மண்டபம், பிளாஸ்டிக் நாற்காலிகள், சுவரில் தெர்லிஸின் முகம் ஆளுயரத்துக்கு. நான் வேலை பார்க்கும் சுகாதார நிலையத்தின் சார்பில் என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். அறிமுகத்தின்போது என்னைப் பார்த்து, இந்தத் தம்பி மாதிரி உள்ளூர் இளைஞர்களும் கற்றுக்கொள்ள ஆசைப்படுவது மகிழ்ச்சி என்றாள் லிசென்சியாதா. நான் பல்லைக் கடித்துக்கொண்டு கடைசி வரிசையில் உட்கார்ந்தேன்.

நிமியா வெள்ளைத் துணி மூடிய பெரிய தட்டோடு வந்தாள். வந்தவர்களுக்கு வீட்டுப் பலகாரம் கொடுப்பது எங்கள் பழக்கம், யாருக்கும் சந்தேகமில்லை. முதல் துண்டை லிசென்சியாதாவுக்கு நீட்டினாள். அவள் கடித்தாள், கண்ணை மூடினாள், மறு கடி கடித்தாள். பிறகு தட்டு வரிசை வரிசையாக நகர்ந்தது. பாதிரியார் விஷயத்தை முன்னமே சொல்லிவிட்டேன்.

“பிரமாதம் நிமியா. என்ன இது, மக்காச்சோள கேக்கா? சீஸ் இருக்கு போலயே. நம்ம குழந்தைங்க கண்ணுல பட்டுடப் போகுது” என்று சொல்லிச் சிரித்தாள். கூட்டமும் மரியாதைக்குச் சிரித்தது.

நிமியா மைக்கைக் கையில் வாங்கினாள். ஊரே அறிந்த அந்தக் குரலில், பஸ் கூப்பிடுகிற நிதானத்தில் சொன்னாள்.

“இதுக்குப் பேரு சோப்பா, லிசென்சியாதா. புனித வாரத்துல இருந்து எம்மவன் தின்னது இதத்தான். காலைலயும் ராத்திரியும்.”

மண்டபத்துக்குப் புரிய ஒரு கணம் பிடித்தது. எங்களுக்கெல்லாம் அது சோப்பாதான், அதில் என்ன வேடிக்கை? லிசென்சியாதாவின் கையில் இருந்த துண்டையும் அவள் முகத்தையும் பார்த்த பிறகுதான் புரிந்தது. முதலில் சிரித்தவள் மீன்கடைக்காரி ஒருத்தி. பிறகு யாராலும் அடக்க முடியவில்லை. பின்வரிசையில் ஒருவர், பன்றித்தோலுக்கு சோப்பாவைப் பற்றி என்ன தெரியும் என்றார். அர்ஜென்டினாக்காரர்களுக்கு நாங்கள் வைத்திருக்கும் பட்டப்பெயர் அது. சொன்னவர் கிழவர், ஆகவே யாரும் அதட்டவில்லை. உண்மையைச் சொன்னால் நானும் சிரித்தேன், வயிறு வலிக்கச் சிரித்தேன்.

லிசென்சியாதா எழுந்தாள். இந்த அம்மா திட்டத்தை ஏமாற்றியிருக்கிறாள், சொந்தப் பிள்ளைக்கு விஷம் கொடுத்திருக்கிறாள் என்றாள். நிமியா போனை மைக்கின் வாயோடு ஒட்டிவைத்தாள். சோப்பாவா, தாராளமா, அதவிட நல்லது வேற எது என்று லிசென்சியாதாவின் குரலே மண்டபம் முழுக்கக் கேட்டது. சிரிப்பு இன்னொரு முறை எழுந்தது. அது அடங்கும் வரை காத்திருந்து, நிமியா இன்னொரு பதிவைப் போட்டாள். பறவைக் கத்தல். எந்தக் குழந்தையும் பசியால செத்ததில்லம்மா. பசிதான் அவனுக்கு வாத்தியார்.

சிரித்தவர்கள் அத்தனை பேரும் வாயை மூடிக்கொண்டார்கள்.

“அந்த வாத்தியார்கிட்ட எம்மவன் படிச்சது ஆஸ்பத்திரில. ஊசிக்கு நரம்பு கெடைக்கல” என்றாள் நிமியா. பிறகு சுவருக்குப் போய், ஆளுயர முகத்தை மேலிருந்து கீழாக, கிழியாமல், பசைப்பட்டையை ஒவ்வொன்றாக எடுத்துச் சுருட்டினாள். உதவிக்கு யாரும் போகவில்லை. அது அவளுடைய காரியம் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. லிசென்சியாதா பையை எடுத்துக்கொண்டு பக்கவாசல் வழியே வெளியேறியபோது பாதிரியார்கூட எழுந்திருக்கவில்லை.

அத்தோடு முடிந்திருந்தால் இது ஊர்ச் சிரிப்புக் கதை. மூன்றாவது வரிசையில் சுனில்தா எழுந்து நின்றாள். அராசெலி தோளில் ஈரத்துணி மாதிரி கிடந்தாள்.

“எப்பத் தெரியும் உங்களுக்கு?”

நிமியா சுருட்டிய படத்தை மார்போடு பிடித்துக்கொண்டு நின்றாள்.

“நான் பஸ் நிலையத்துக்கு வந்து கேட்டேனே, அன்னைக்குத் தெரியுமா தெரியாதா?”

“தெரியும்.”

“தெரிஞ்சுதான் அப்படிச் சொல்லி அனுப்புனீங்களா?”

“உங்கிட்டச் சொன்னா நீ குழுவுல போடுவ. அவ இங்க வராமலே இருந்துடுவா.”

சுனில்தா கத்தவில்லை. தட்டு கடைசியாக வந்து நின்ற இடத்துக்கு நடந்து போனாள். மிஞ்சிய துண்டுகளைக் காகிதத்தில் மடித்தாள். ஒன்றைக் கிள்ளி மகளின் உதட்டில் வைத்தாள். குழந்தை முதலில் நக்கியது, பிறகு அம்மாவின் விரலையும் சேர்த்துக் கடித்தது. சுனில்தா விரலை எடுக்கவில்லை.

“பொட்டலத்த எடுத்துக்கறேன், எம்பொண்ணுக்குப் பசி. அதுக்காக உங்களுக்கு நன்றி சொல்லுவேன்னு நெனைக்காதீங்க ஞா நிமியா. அந்தக் கடங்காரிக்கு எம்பொண்ணு யாருன்னே தெரியாது. நீங்க மூஞ்சியப் பாத்தீங்க.”

அந்த வாரமே தெர்லிஸின் வீடியோ இறங்கிவிட்டது. ‘தூய தட்டு’ என்று எங்கள் பக்கத்தில் இப்போது பேரைச் சொன்னால் முதலில் சோப்பா வேண்டுமா என்று கேட்பார்கள். பெற்றோர் வியாழக்கிழமைகளில் சுகாதார நிலையத்துக்கு வருகிறார்கள். உணவை மாற்றிப் பார்க்க ஆசைப்படுகிறவர்களை நான் தடுப்பதில்லை. முதலில் எடைக்கருவி, பிறகு பேச்சு. பாலை நிறுத்தி நன்றாக இருக்கிற ஒரு பையன்கூட இருக்கிறான், அவனுக்கு உண்மையிலேயே பால் ஆகாது. அங்கே உதவிக்கு வரும் நிமியா தாய்மார்களிடம் ஒரே ஒரு கேள்வி கேட்பாள்: பிள்ளை இப்போது என்னென்ன தின்கிறது, அதற்கு உங்கள் வீட்டில் என்ன பெயர்?

சுனில்தாவும் வருகிறாள். அராசெலிக்கு எடை ஏறிவிட்டது. வருகிறவள் நிமியா இருக்கும் பக்கம் உட்காருவதில்லை, வணக்கத்துக்குப் பதில் வணக்கமில்லை. ஒருநாள் இருவருக்கும் நடுவில் பேசிப் பார்க்கட்டுமா என்று நிமியாவிடம் கேட்டேன். மாத்தே இலைப் பானத்தை உறிஞ்சிக்கொண்டிருந்தவள் குழலை வாயிலிருந்து எடுத்தாள்.

“வேணாம் தம்பி. நான் என்னோட பழிய மிச்சம் வைக்காம வாங்கிக்கிட்டேன். அவளோடத அவ வாங்கட்டும். எப்ப வருவாளோ, வரட்டும். நான் எங்கயும் போகல.”